குதிரையில் போக வழி இருக்கா? இங்கிலாந்தின் 'தொலைந்த' கிராமப் பாதைகளும் 2031 கெடுவும்: முழு விவரம்

இங்கிலாந்தின் பழைய கிராமப் பாதைகளுக்கு ஒரு கடைசி தேதி குறிக்கப்பட்டது: 2031 ஜனவரி 1. நூறு, இருநூறு ஆண்டுகளாக மக்கள் போய்வந்த பாதையாகவே இருக்கலாம். ஆனால் அந்தத் தேதிக்குள் அரசு வரைபடத்தில் ஏறவில்லை என்றால், அதில் போகும் பொது உரிமை அப்படியே காலாவதி ஆகிவிடும் என்பதே சட்டம்.

இந்தக் கெடுவை நீக்கப் போவதாக லேபர் கட்சி அரசு 2024 டிசம்பர் 26-ம் தேதி அறிவித்தது. நடைப்பயண ஆர்வலர்களுக்கு இது நல்ல செய்தி. குதிரையில் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய செய்தி. ஆனால், 'அப்பாடா' என்று மூச்சு விடும் நிலையில் அவர்கள் இல்லை. ஏன்?

குதிரைக்குன்னு தனிப் பாதையா?

ஆமாம். இங்கிலாந்தில் தனியார் வயல், தோட்டம், மேய்ச்சல் நிலம் வழியாகவே பொதுப் பாதைகள் போகும். நிலம் ஒருவருக்குச் சொந்தம்; அதன் குறுக்கே போகும் உரிமை எல்லோருக்கும் சொந்தம். ஆனால் எந்தப் பாதையில் யார், எப்படிப் போகலாம் என்பது பாதைக்குப் பாதை மாறும்.

'ஃபுட்பாத்' என்றால் நடந்து மட்டுமே போகலாம். நம்மூரில் சாலையோரம் இருக்கும் பிளாட்பாரம் இல்லை இது. வயல்வெளி வழியாகப் போகும் நடைவழி. 'பிரைடில்வே' என்றால் நடக்கலாம், குதிரையில் போகலாம், குதிரையைக் கையில் பிடித்தும் கூட்டிப் போகலாம். 1968-ல் வந்த சட்டம் சைக்கிளையும் இதில் அனுமதித்தது. ஆனால் சைக்கிளில் வருபவர், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். குதிரை வண்டி ஓட்ட வேண்டுமானால் இதற்கும் மேல் தகுதியுள்ள 'பைவே' வகைப் பாதை வேண்டும்.

இங்கிலாந்தில் இப்படிப்பட்ட பொதுப் பாதைகள் மொத்தம் சுமார் 1.9 லட்சம் கி.மீ. நீளத்துக்கு இருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்கும் மேல் நடைவழிகள். பிரைடில்வே சுமார் 32,000 கி.மீ.தான். பைவேக்களையும் சேர்த்தால்கூட குதிரையில் போக முடிவது மொத்தத்தில் 22 சதவீதப் பாதைகளில் மட்டுமே.

அந்த 22 சதவீதமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போவதில்லை என்பதுதான் இதில் பெரிய சிக்கல். இங்கே இரண்டு கி.மீ., அங்கே ஒரு கி.மீ. என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குப் போக தார்ச்சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும்.

சாலையில் போனால் என்ன ஆகிவிடும்?

குதிரை, கண்ணில் பட்டது புரியாவிட்டால் ஓடித் தப்பிக்கப் பார்க்கும் விலங்கு. பின்னால் ஒரு லாரி உரசுவது போல வந்தால், அரை டன் எடையுள்ள உடம்போடு நடுச்சாலையில் திரும்பி நிற்கும். கிராமத்துச் சாலைகளோ குறுகலானவை. இரண்டு பக்கமும் உயரமான வேலிச்செடி. பல இடங்களில் வேக வரம்பு மணிக்கு 60 மைல், அதாவது சுமார் 96 கி.மீ.

பிரிட்டனின் முன்னணி குதிரை நல அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டிக்கு 2023-ல் மட்டும் சாலைகளில் குதிரைகள் சம்பந்தப்பட்ட 3,383 சம்பவங்கள் பற்றிப் புகார் வந்தது. 66 குதிரைகள் இறந்தன. மக்கள் தாமாக முன்வந்து சொன்ன கணக்கு மட்டும்தான் இது.

2022 ஜனவரி 29-ல் சாலை விதிகள் திருத்தப்பட்டன. குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது புது விதி. நல்ல விதிதான். ஆனால் 2 மீட்டர் இடைவெளி விட சாலையில் இடம் இருக்க வேண்டுமே! அதனால்தான் குதிரைக்காரர்கள் 'சாலையைச் சரிபண்ணுங்க' என்பதைவிட 'எங்களைச் சாலையிலிருந்து இறக்குங்க' என்று கேட்கிறார்கள்.

குதிரைச் சவாரி என்றதும் பணக்கார பிரபுக்கள், சிவப்புக் கோட்டு, வேட்டை நாய்கள்தான் நமக்கு நினைவுக்கு வரும். சாலையில் மாட்டிக்கொள்பவர்கள் அவர்கள் அல்ல. பெரும்பாலும் பெண்கள். வாடகைக் கொட்டிலில் ஒரு குதிரையை வைத்துப் பராமரித்துக்கொண்டு, வேலைக்கு முன்போ பின்போ ஒரு மணி நேரம் வெளியே கூட்டிப் போகிறவர்கள். சொந்தமாகப் பெரிய எஸ்டேட் இருப்பவருக்குப் பொதுப் பாதையே தேவையில்லை. (இப்படிச் சும்மா வெளியே சுற்றி வருவதற்கு அங்கே 'ஹேக்கிங்' என்று பெயர். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

பாதை எப்படித் தொலையும்?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், நாட்டிலுள்ள பொதுப் பாதைகளை எல்லாம் ஒரே வரைபடத்தில் கொண்டுவர 1949-ல் சட்டம் போட்டார்கள். அந்த அதிகாரபூர்வ வரைபடத்துக்கு 'டெஃபினிட்டிவ் மேப்' என்று பெயர். அதில் ஒரு பாதை இருந்தால், அதற்குப் பிறகு வாதமே கிடையாது. அதுவே இறுதி ஆதாரம்.

ஆனால் இந்தக் கணக்கெடுப்பு பல இடங்களில் பாரிஷ் கவுன்சில்கள் கையில் விடப்பட்டது. பாரிஷ் என்பது நம்மூர் ஊராட்சி மாதிரி. சில ஊர்களில் அக்கறையாகச் செய்தார்கள். சில ஊர்களில் பெயருக்குச் செய்தார்கள். பாரிஷ் கவுன்சிலில் உட்கார்ந்திருந்தவர்களில் நிலம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பழைய வண்டிப்பாதைகளும் குதிரைப் பாதைகளும் 'நடைவழி' என்று தரம் இறக்கி எழுதப்பட்டன. சில பாதைகள் வரைபடத்திலேயே ஏறவில்லை.

இதன் விளைவை இன்றும் வரைபடத்தில் பார்க்கலாம். ஒரு பிரைடில்வே நேராகப் போய்க்கொண்டே இருக்கும். பாரிஷ் எல்லைக்கோடு வந்ததும் சட்டென்று நடைவழியாக மாறிவிடும், அல்லது நின்றே போகும். தரையில் பார்த்தால் அதே பாதை, அதே மண், அதே வேலி. இந்த ஊர்க்காரர்கள் குதிரைப் பாதை என்று எழுதினார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் எழுதவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். 70 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் காகிதத்தில் போட்ட கோட்டுக்காக, இன்று குதிரையில் வருபவர் அந்த எல்லையில் திரும்ப வேண்டியிருக்கிறது.

கெடு எங்கிருந்து வந்தது?

2000-ம் ஆண்டு வந்த கிராமப்புற மற்றும் பாதை உரிமைச் சட்டம்தான் இதற்கு மூலம். மலைப்பகுதி, புல்வெளி, பொதுநிலங்களில் நடந்து திரியும் உரிமையை அந்தச் சட்டம் கொடுத்தது. கொடுத்த கையோடு, '1949-க்கு முந்தைய நடைவழிகளையும் குதிரைப் பாதைகளையும் 2026 ஜனவரி 1-க்குள் பதிவு செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் உரிமை போய்விடும்' என்றும் எழுதியது. 25 ஆண்டு அவகாசம் தாராளம் என்று அப்போது நினைத்திருக்கலாம்.

இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபில், ஒருமுறை பொதுவழியாக இருந்தது சட்டப்படி மூடப்படும்வரை பொதுவழிதான். யாரும் போகாமல் புதர் மண்டிக் கிடந்தாலும் உரிமை சாகாது. அந்தப் பழைய கொள்கையின் தலையில்தான் 2026 கெடு கை வைத்தது.

2020-ல் ராம்ப்ளர்ஸ் என்ற நடைப்பயணிகள் அமைப்பு, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களை வைத்துப் பழைய வரைபடங்களையும் இன்றைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 49,000 மைல், அதாவது ஏறக்குறைய 79,000 கி.மீ. பாதை விடுபட்டிருக்கலாம் என்று கணக்கு வந்தது.

அடுத்து நடந்ததுதான் அரசியல். கெடுவை ரத்து செய்வதாக 2022 பிப்ரவரியில் அன்றைய கன்சர்வேட்டிவ் அரசு சொன்னது. 2023 மார்ச்சில் அதே கட்சியின் அரசு மனதை மாற்றிக்கொண்டு, ரத்து இல்லை, 2031 வரை நீட்டிப்பு மட்டும்தான் என்றது. பிறகு ஆட்சி மாறி, 2024 டிசம்பரில் மறுபடியும் 'ரத்து' அறிவிப்பு. மூன்று ஆண்டுகளுக்குள் மூன்று பேச்சு.

இதில் குதிரைக்காரர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஆபத்து இருந்தது. வரைபடத்தில் இல்லாத பாதை மட்டுமல்ல, நடைவழி என்று தவறாகப் பதிவான பழைய குதிரைப் பாதையும் கெடுவில் அடிபடும். நடப்பவருக்கு அந்தப் பாதை தப்பிக்கும். குதிரைக்கு இருந்த உரிமை மட்டும் சத்தமில்லாமல் போய்விடும்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்?

இந்தக் கதையில் சுவாரஸ்யமான பகுதி இதுதான். ஒரு பாதை குதிரைப் பாதைதான் என்று நிரூபிக்க, விண்ணப்பிப்பவர் வரலாற்று ஆய்வாளராகவே மாற வேண்டும். நம்மூரில் வண்டிப்பாதைத் தகராறு வந்தால் எஃப்.எம்.பி. வரைபடத்தையும் பழைய சர்வே கணக்கையும் தேடி ஓடுகிறோமே, அதே ஓட்டம்தான்.

முதலில் 'இன்க்ளோஷர்' ஆவணங்கள். 18, 19-ம் நூற்றாண்டுகளில் ஊர்ப் பொதுநிலங்களை வேலி போட்டுத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தபோது, ஆணையர்கள் பாதைகளையும் குறித்துக் கொடுத்தார்கள். எந்த வழி பொதுவழி, எத்தனை அடி அகலம் என்பதுவரை அதில் இருக்கும். இது மிக வலுவான ஆதாரம். ஆனால் 1801-ம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் குறித்த குதிரைப் பாதைகளுக்கும் நடைவழிகளுக்கும் அந்த ஆணையர்களுக்கு அதிகாரமே இல்லை என்று 1993-ல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015-ல் தவறு என்று மாற்றியது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் அந்த ஆவணங்களை நம்பியிருந்த கோரிக்கைகள் முடங்கிக் கிடந்தன. கெடு நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அடுத்து, சர்ச்சுக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு கொடுக்கும் வழக்கத்தைப் பணமாக மாற்ற 1836-ல் வந்த சட்டத்துக்காகத் தயாரித்த வரைபடங்கள். சாலையில் பயிர் விளையாது. அதனால் வரி இல்லை. வரி போடாமல் விட்ட பட்டை எது என்று பார்த்தால், வழி எது என்பது ஓரளவு தெரியும்.

எல்லாவற்றையும்விடச் சுவையானது 1910 நில மதிப்பீட்டுப் பதிவுகள். லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி போட, நாடு முழுக்க நிலத்தை அளந்து மதிப்பிட்டார்கள். உங்கள் நிலத்தின் வழியாகப் பொதுப் பாதை போகிறது என்றால் அதற்கு மதிப்பில் கழிவு உண்டு. எனவே வரியைக் குறைக்க நினைத்த நில உரிமையாளர்கள், 'ஆமா, எங்க நிலத்துல பொதுவழி இருக்கு' என்று அவர்களாகவே சொல்லியிருக்கிறார்கள். பொய் சொன்னால் தண்டனை உண்டு. நூறு ஆண்டு கழித்து, அன்று தாத்தா வரிக்கழிவுக்காகச் சொன்னதே இன்று பேரனுக்கு எதிரான சாட்சி. இந்தப் பதிவேடுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

காகிதமே இல்லை என்றால்? அதற்கும் வழி உண்டு. பூட்டை உடைக்காமல், ஒளிந்து மறைந்து போகாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், மக்கள் 20 ஆண்டுகள் தொடர்ந்து ஒரு பாதையைப் பயன்படுத்தியிருந்தால், அது பொதுவழி ஆக்கப்பட்டதாக 1980 நெடுஞ்சாலைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் நடந்து போன சாட்சிகள் மட்டும் இருந்தால் நடைவழிதான் கிடைக்கும். குதிரைப் பாதை வேண்டுமென்றால், குதிரையில் போனவர்கள் சாட்சிப் படிவம் எழுதித் தர வேண்டும். அந்தப் பாதையில் பல ஆண்டுகள் சவாரி போனவர்கள் பலருக்கு வயதாகிவிட்டது. ஒவ்வொரு மரணத்துடனும் ஒரு சாட்சி குறைகிறது. கெடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இழப்பு நிற்காது.

நில உரிமையாளர்கள் என்ன சொல்றாங்க?

அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நிலம் வாங்கும்போது எந்தப் பதிவிலும் இல்லாத பாதை, பத்து ஆண்டு கழித்து 19-ம் நூற்றாண்டு வரைபடத்தோடு வந்து நின்றால் யாருக்கும் கோபம் வரும். மாட்டுக்கொட்டில் வாசல் வழியாக அந்நியர்கள் போவது, மழைக்காலத்தில் குதிரைக் குளம்பு பட்டுக் களிமண் பாதை சேறாகிவிடுவது, திறந்த கேட்டை மூடாமல் போவதால் ஆடு மாடு வெளியேறுவது என்று அவர்களின் புகார்களில் பெரும்பாலானவை தினசரி அனுபவம். விவசாயிகள் அமைப்புகள் கெடுவை ஆதரித்ததற்கும் காரணம் இதுதான்: எப்போதாவது ஒருநாள் கணக்கு முடிய வேண்டும்.

சில நில உரிமையாளர்கள் தாங்களாகவே 'அனுமதிப் பாதை' திறந்து விடுகிறார்கள். நல்ல மனசுதான். ஆனால் அனுமதியோடு போனால், எத்தனை ஆண்டு போனாலும் உரிமை ஆகாது. நிலம் கை மாறினால் மறுநாளே கேட்டில் பூட்டு தொங்கலாம். நட்போடு கிடைத்த வழி நட்போடு போய்விடும்.

கெடு போனா எல்லாம் சரியா?

இல்லை. முதல் காரணம், கெடு சட்டத்தில் இருக்கிறது. அதை எடுக்க நாடாளுமன்றத்தில் சட்டத் திருத்தம் நிறைவேற வேண்டும். அறிவிப்பு மட்டும் போதாது என்பதை 2022-ம் ஆண்டே காட்டிவிட்டது.

இரண்டாவது, விண்ணப்ப வரிசை. ஒரு பாதையைச் சேர்க்கக் கேட்டு விண்ணப்பித்தால், கவுன்டி கவுன்சில் 12 மாதத்தில் முடிவெடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மத்திய அமைச்சரிடம் முறையிடலாம். நடைமுறையில் பல கவுன்சில்களில் கோப்புகள் 10 ஆண்டுக்கும் மேல் தூங்குகின்றன. பாதை உரிமைப் பிரிவில் ஆள் குறைவு, பணம் குறைவு. கவுன்சில் சம்மதித்தாலும் யாராவது ஆட்சேபம் தெரிவித்தால் விசாரணை, அதற்குத் தனி ஆய்வாளர், இன்னும் இரண்டு மூன்று ஆண்டு. கெடு பயத்தில் தன்னார்வலர்கள் கொண்டுவந்து குவித்த விண்ணப்பங்களும் இந்த வரிசையில்தான் நிற்கின்றன.

மூன்றாவது, ஏற்கெனவே வரைபடத்தில் இருக்கும் பாதையைக் காப்பது. வயலின் குறுக்கே போகும் பிரைடில்வேயை உழவு செய்யலாம். ஆனால் 14 நாளுக்குள் குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்குப் பாதையைத் திரும்பச் சீராக்கித் தர வேண்டும். வயலோரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. கேட் வைத்தால் குறைந்தது 5 அடி அகலம் வேண்டும். சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு, துருப்பிடித்த தாழ்ப்பாளைக் குனிந்து திறக்க முடியாத ஒரு கேட் போதும், அந்தப் பாதை நடைமுறையில் மூடியது மாதிரிதான். நடப்பவர் கம்பி வேலியைத் தாண்டிப் போய்விடுவார். குதிரை தாண்டாது.

நான்காவது விஷயம் புதுப் பாதைகள். பணம் இருக்கும் இடம் இதுதான். குதிரை விடுபடும் இடமும் இதுதான். பழைய ரயில் தடங்களைப் பசுமை வழிகளாக மாற்றுகிறார்கள். 'ஆக்டிவ் டிராவல்' திட்டங்களில் நடைக்கும் சக்கர நாற்காலிக்கும் சைக்கிளுக்கும் இடம் உண்டு. குதிரை அந்தப் பட்டியலிலேயே இல்லை. சைக்கிளுக்காகத் தார் போட்டால் இரும்பு லாடம் வழுக்கும். பக்கத்தில் ஒரு புல் பட்டையை விட்டால் போதும் என்று குதிரைக்காரர்கள் கேட்கிறார்கள். வடிவமைக்கும்போதே நினைத்தால் செலவு சொற்பம், பிறகு சேர்ப்பது கஷ்டம். இங்கிலாந்தின் கடற்கரையைச் சுற்றி 2,700 மைல் நீளத்துக்கு அமைத்துவரும் தேசியக் கடற்கரைப் பாதையில்கூட, அந்தத் திட்டம் தரும் உரிமை நடப்பவருக்கு மட்டுமே.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. 1972-ல் திறந்த சவுத் டவுன்ஸ் வே, 100 மைலும் குதிரையில் போகும்படி அமைந்தது. பென்னைன் மலைத்தொடரை ஒட்டிப் போகும் பென்னைன் பிரைடில்வே, குதிரைக்காரர்களை மனதில் வைத்தே திட்டமிட்ட தேசியப் பாதை. நீளம் சுமார் 205 மைல். அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய லேடி மேரி டவுன்லி, 1986-ல் அந்த மலைப்பகுதி நெடுக நீண்ட சவாரி போய், பாதைகள் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று நாட்டுக்குக் காட்டினார். 2001-ல் அவர் இறந்தார். மறு ஆண்டு திறந்த 47 மைல் வட்டப் பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

எல்லை தாண்டினா வேற சட்டம்

ஸ்காட்லாந்தில் இந்தத் தலைவலி பெரும்பாலும் கிடையாது. அங்கே 2003-ம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் நடந்தோ, சைக்கிளிலோ, குதிரையிலோ போகலாம் என்கிறது. விளையும் பயிரை மிதிக்கக் கூடாது, வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது என்பது போன்ற விலக்குகள் உண்டு. அங்கேயும் பூட்டிய கேட்டும் தகராறும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் 1910 வரிப் பதிவேட்டைத் தேடி யாரும் காப்பகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் அந்த மாதிரிச் சட்டம் இப்போதைக்கு வருவதாகத் தெரியவில்லை. எனவே வேலை பழைய முறையில்தான் நடக்க வேண்டும்: ஒரு பாதைக்கு ஒரு கோப்பு, அதற்கு நான்கைந்து வரைபட நகல், பத்துப் பதினைந்து சாட்சிப் படிவம், நில உரிமையாளருக்கு நோட்டீஸ், பிறகு கவுன்சிலின் பதிலுக்காகக் காத்திருப்பு. இதைச் செய்பவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.